சாமி தூக்கிய மறுநாள்

1

பங்குனி உத்திர மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து மலர்க்குழுவினர் குரல் செய்தி அனுப்பியிருந்தார்கள். "ஆஸ்திரேலியா அனுபவம் ஒரு நாலு பக்கம் எழுதுங்கமா. குளிரு, கங்காரு, பசங்க தமிழ் பேசறது, இப்படி. கடைசியில நம்ம உற்சவத்த நெனச்சிக்கினு ஏங்கற மாதிரி ஒரு பாரா. அவ்ளோதான்."

நான் ஏங்கவில்லை. மெல்பர்னுக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. கங்காருவை இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் அது சாலையோரம் அடிபட்டுக் கிடந்தது. உற்சவத்தை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போட முடியாது என்றால் கிழித்துப் போடுங்கள். ஆனால் என் அண்ணன் கச்சபேசனை இந்த ஆண்டு சாமி தூக்க விடாதீர்கள். தூக்கினால் அவன் சாகக்கூடும். ஏன் என்று சொல்கிறேன்.

2

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். காலை ஆறரை மணிக்கு உள்ளே போனால் மூன்று மணி வரை தட்டுகள்தான். ஒவ்வொரு தட்டின் மேலும் ஓர் அட்டை இருக்கும். யாருக்கு உப்பு கூடாது, யாருக்கு மசித்துக் கொடுக்க வேண்டும், யாருக்கு வாழைப்பழம் ஆகாது என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அட்டையைப் பார்க்காமல் ஒரு தட்டை நகர்த்தினால் எழுத்து மூலம் விளக்கம் கொடுக்க வேண்டும். முன்பின் தெரியாத வெள்ளைக்காரக் கிழவர்களுக்குப் பதினோரு ஆண்டுகளாக இதைப் பிசகாமல் செய்து வருகிறேன். பெற்ற பிள்ளைக்குத்தான் தப்பாகச் செய்தேன்.

என் மகன் அகிலனுக்கு அப்போது பதினான்கு வயது. சனிக்கிழமை பள்ளிக் கால்பந்து இறுதிப் போட்டி, முழு நேரமும் ஓடினான். மாலையில் நண்பன் வீட்டுப் பிறந்தநாள், பீட்சாவும் கேக்கும். வந்து படுத்தவன் மறுநாள் காலை எழவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். கால் வேலை செய்யவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவன் எனக்குத் தமிழில் பதில் சொல்வதை நிறுத்தி அதற்குள் நாலைந்து வருடம் ஆகியிருந்தது.

"நடிக்காத. எந்திரி" என்றேன்.

அவன் அழ ஆரம்பித்த பிறகுதான் நம்பினேன். நம் ஊர்க்காரி பிறகு என்ன செய்வாள்? இந்தியக் கடையில் வாங்கி வைத்திருந்த குளுக்கோஸ் பொடியை எடுத்துப் பெரிய டம்ளரில் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தேன். தெம்பு வரட்டும் என்று இன்னொரு டம்ளரும் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கையும் போனது. ஆம்புலன்ஸில் வந்த பெண், காலையில் இவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டாள். தண்ணீர் மட்டும்தான் என்றேன். எதற்காகப் பொய் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்றாவது முறை கேட்டபோதுதான் குளுக்கோஸ் என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, எழுதிக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

ரத்தத்தில் பொட்டாசியம் ஏகத்துக்கும் இறங்கியிருந்தது. மருந்து கொடுத்து, இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மதியம் கையை அசைத்தான். மாலையில் எதையும் பிடிக்காமல் நடந்தான்.

3

இரண்டு மாதம் கழித்து நரம்பு, தசை நோய் பார்க்கும் ஒரு டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். நெசவாளி வீட்டுப் பெண் என்பதால் தறியை உவமைக்கு இழுப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள். தறியை எனக்குச் சின்ன வயதிலேயே பிடிக்காது.

தசையின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு மெல்லிய சுவர் இருக்கிறது. அந்தச் சுவரில் வாயில்கள் இருக்கின்றன. மின்னழுத்தம் மாறும்போது வாயில் திறக்கும், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், தசை இழுக்கும். மின்னழுத்தம் மாறியதென்று வாயிலுக்கு எப்படித் தெரியும்? அதன் பக்கத்திலேயே ஒரு சின்னத் தண்டு இருக்கிறது. அதில் வரிசையாக நேர்மின்சுமைகள். அழுத்தம் மாறினால் தண்டு நகர்ந்து கதவைத் திறக்கும். எங்கள் குடும்பத்தில் அந்த வரிசையில் ஒரே ஒரு சுமை மாறிப்போயிருக்கிறது. அதனால் தண்டைச் சுற்றி ஓர் இடுக்கு விழுந்துவிட்டது. கதவு நன்றாகத்தான் இருக்கிறது, தாழ்ப்பாளும் சரி. நிலைச்சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் விரிசல் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே வருவதைப் போல, அயனிகள் அந்த இடுக்கு வழியாகக் கசிகின்றன. நெடுங்காலம் ஆராய்ச்சியாளர்கள் பிரதான கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இந்த மாற்றுப் பாதை தெரியவந்தது பிற்பாடுதான்.

இதில் ஒன்று கவனியுங்கள். கதவு மூடியிருக்கும்போதுதான், அதாவது தசை ஓய்வில் இருக்கும்போதுதான், அந்த இடுக்கு கசிகிறது. சாதாரண நாளில் உடம்பு சமாளித்துக்கொள்ளும். கடுமையாக உழைத்துவிட்டு, வயிறு முட்டச் சோறும் இனிப்பும் தின்றுவிட்டுப் படுத்தால், சர்க்கரையைச் சமாளிக்கச் சுரக்கும் இன்சுலின் ரத்தத்திலிருக்கும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடும். வெளியே பொட்டாசியம் குறைந்ததும் கசிவின் கை ஓங்கும். தசை மின்சாரம் இழந்து செத்த மாதிரி கிடக்கும். குளுக்கோஸ் கொடுத்தால் இன்னும் மோசமாகும். கோளாறு தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பாதிக்குப் பாதி வாய்ப்பில் பிள்ளைக்கு வரும். பெண்களுக்கு வந்தாலும் பல பேருக்கு வெளியே தெரியாது. எனக்கு இருக்கிறது, தெரியாமலே இருந்திருக்கிறது.

பிறகு படிவம். இந்த நாட்டில் எதற்கும் படிவம் உண்டு. வம்சத்தை வட்டமும் சதுரமுமாக வரைந்து, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நோயை எழுத வேண்டும். என் அப்பாவின் சதுரத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, தசை பலவீனம் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லை, சோம்பேறி" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த நாட்களில் சோம்பேறியாக இருப்பார்?"

பதில் என் வாயில் தயாராக இருந்தது. திருவிழாவுக்கு மறுநாள். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

4

என் அப்பா ஏகாம்பரத்தை உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். நடிப்பு ஏகாம்பரம். தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் அடையாளம் தெரியும்.

சாமி புறப்பாட்டில் அவர் பல்லக்கின் முன் தண்டில் தோள் கொடுப்பார். தன் முறைக்கு வந்த வீதிகளைத் தூக்கி முடித்து, மண்டபத்தில் இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்து விழுவார். காலையில் எழ மாட்டார். தறிக்குழியில் இறங்கி மிதிகட்டையை மிதிக்கக் கால் வராது. ஒரு நாள், சில வருடம் இரண்டு நாள். அப்புறம் ஒன்றும் நடக்காதது போல எழுந்து நடப்பார். எழுந்து நடந்ததுதான் அவர் செய்த குற்றம். நடக்க முடியாமலே கிடந்திருந்தால் நோயாளி என்று ஒப்புக்கொண்டிருப்பீர்கள்.

நம் தெரு அதற்கு இரண்டு விளக்கம் வைத்திருந்தது. ஒன்று, நடிப்பு. இன்னொன்று, சாமி குத்தம். தூக்கும்போது மனசில் அழுக்கு இருந்திருக்கிறது, அதனால் காலைப் பிடித்துக்கொண்டது. பரிகாரம் என்ன? அடுத்த ஆண்டு இன்னொரு வீதி சேர்த்துத் தூக்க வேண்டும். தூக்கி முடித்ததும் பிரசாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். நோய் எதனால் வருகிறதோ அதையே மருந்தாக வருடா வருடம் கூட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். சாமி தூக்குகிறவர்களின் முறைகாரர், இப்போதும் அவரேதான், எங்கள் வீட்டு வாசலில் நின்று அளந்து சொல்வார்: "ஏகாம்பரம், போன வருசம் ரெண்டு வீதி. இந்த வருசம் மூணா வச்சிக்க."

எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, கல்லூரித் தேர்வுக்காக நான் வேலூரில் தங்கியிருந்த வாரம், உத்திரத்துக்கு மறுநாள் அப்பா இறந்துபோனார். தெருமுனை கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்களாம். இரண்டாவது பாட்டில் முடிவதற்குள் போய்விட்டாராம். மாரடைப்பு என்று எழுதினார்கள். இன்றைக்கு அதை யாரும் நிரூபிக்க முடியாது. எனக்கு நிரூபணம் தேவையும் இல்லை.

5

டாக்டரம்மா அண்ணனுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். 'அன்புள்ள உறவினருக்கு' என்று தொடங்கும் கடிதம். உறவினர் வெளிநாட்டில் இருப்பதால் அதற்கு மூன்று கையெழுத்தும் ஒரு சாட்சியும் கேட்டார்கள். அண்ணனின் பிறந்த தேதி இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக இருந்ததால் படிவம் ஒரு முறை திரும்பியும் வந்தது. கடிதத்தோடு நானே தமிழில் ஒரு பக்கம் எழுதி வைத்தேன். சாமி தூக்காதே, திருவிழாச் சாப்பாடு சாப்பிடாதே, உடம்பு விழுந்தால் குளுக்கோஸ் ஏற்ற விடாதே, பொட்டாசியம் பார்க்கச் சொல். கடைசி இரண்டையும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன்.

அண்ணன் பதிலே பேசவில்லை. அவன் செவிலிமேட்டில் வீடு கட்டிப் போய்விட்டாலும் தறியும் சாமி முறையும் பழைய தெருவில்தான். அண்ணி சரோஜாதான் பேசினாள்.

"நீ நல்லதுக்குத்தான் சொல்ற. இல்லங்கல. எம்பொண்ணு தாரணிக்கு ஆரணியில ஒரு எடம் வந்துக்கினு இருக்குது. இந்த நேரத்துல பரம்பரை வியாதி அது இதுன்னு காயிதம் வந்தா எவன் வீட்டுப் படி ஏறுவான்? கொஞ்ச நாளு வாய மூடிக்கினு இருமா."

கடிதத்தை பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் இருந்துகொண்டு நீ என்ன வேண்டுமானாலும் எழுதலாம், இந்தப் பக்கம் எங்கள் கஷ்டம் உனக்கு என்ன தெரியும் என்றும் சொன்னாள். பத்தொன்பது ஆண்டுகளாக எல்லாரும் சொல்கிற அதே வார்த்தை. விமானம் ஏறியவளுக்கு வாய் கிடையாது என்று ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

இந்தப் பக்கமும் பெரிய வாழ்வு இல்லை. அகிலன் தன் பர்ஸில் நோய் அட்டை வைத்திருக்கிறான், கடையில் பொட்டலத்தைத் திருப்பி மாவுச்சத்து எவ்வளவு என்று படித்த பிறகே வாங்குகிறான். என் சமையலைத் தொடுவதில்லை. காஞ்சிபுரத்துக்கு வருகிறாயா என்று ஒரு முறை கேட்டேன். "எதுக்கு? என்ன கொல்லவா?" என்று ரொம்ப நாளைக்குப் பிறகு தமிழில் பதில் சொன்னான்.

6

போன ஆண்டு உத்திரத்துக்கு மறுநாள். எனக்கு மதியம் பன்னிரண்டு, தட்டுகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்த நேரம். உங்களுக்குக் காலை ஆறரை. அண்ணியின் வீடியோ அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் போனைத் தொடக் கூடாது. தொட்டேன். குளிர்ப்பதன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

திரையில் முதலில் தெரிந்தது ஒரு கம்பியும் அதில் தொங்கிய பாட்டிலும்தான். கீழே அண்ணன். கண் மட்டும் அசைந்தது.

"ஒன்னும் இல்ல குமுதா. கொஞ்சம் அசதி. குளுக்கோஸ் ஏத்திக்கினு இருக்காங்க. பாதி எறங்கிடுச்சி" என்றாள் அண்ணி.

"அண்ணி, மொதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க. டாக்டர் எங்க? நான் அனுப்புன லெட்டரக் காட்டுங்க."

"எந்த லெட்டரு?"

கேட்டுவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஆரணிக்காரர்கள் நின்றிருந்தார்கள். திருவிழா பார்க்க வந்தவர்கள், கிளினிக்குக்கும் கூடவே வந்துவிட்டார்கள். அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "அவங்க இருக்காங்கமா. அப்புறமா பேசலாம்."

புருஷனின் உயிர் ஒரு பக்கம், சம்பந்தி வீட்டார் ஒரு பக்கம். அவள் எந்தப் பக்கம் பார்த்தாள் என்று நான் கண்ணால் கண்டேன். நான் கத்தினேன். நர்ஸ் பெண் எட்டிப் பார்த்து, "டாக்டர் வர்ற நேரந்தாம்மா, தெம்புக்குத்தான் போட்டிருக்கோம்" என்றாள். அப்பாவுக்கும் தெம்புக்குத்தான் போட்டார்கள்.

அப்போது போன் கைமாறியது. அண்ணன் மகள் தாரணி. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேசாத பெண்.

"அத்த, இன்னா பண்ணணும் சொல்லுங்க."

"குழாயில சின்னச் சக்கரம் இருக்கும் பாரு. அத உருட்டி மூடு."

மூடினாள். நர்ஸ் கையைப் பிடித்தபோதும் விடவில்லை. பிறகு கிளினிக் முழுக்கக் கேட்கும்படி, ஆரணிக்காரர்கள் நிற்கும்போதே சொன்னாள்: "எங்கப்பாவுக்குப் பரம்பரை வியாதி இருக்குது. தாத்தாவுக்கும் இருந்துச்சி. இந்த வியாதிக்கு குளுக்கோஸ் ஏத்தக் கூடாது. ரத்தத்துல பொட்டாசியம் பாக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க."

தன் போனிலிருந்து கடிதத்தின் படத்தை எடுத்துக் காட்டினாள். பீரோவைத் துழாவி அதை அவள் எப்போதோ படம் பிடித்து வைத்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்தார்கள். குறைவுதான். பொட்டாசியம் சிரப் கொடுத்து, இதயத் துடிப்பைக் கவனித்தார்கள். மாலைக்குள் அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். ஆரணிக்காரர்கள் ஊருக்குப் போய்ப் பேசுகிறோம் என்றார்கள், பேசவில்லை.

இங்கே எனக்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். இருபத்திரண்டு பேருக்குச் சாப்பாடு தாமதம். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பம்' என்று எழுதினேன். போதாது, விரிவாக எழுது என்று திருப்பி அனுப்பினார்கள்.

7

உயிர் பிழைத்தவன் எனக்கு நன்றி சொல்லியிருப்பான் என்று நினைப்பீர்கள். ஆறு மாதம் பேசவில்லை. பெண்ணின் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று உறவு முழுக்கச் சொல்லியிருக்கிறான். அதோடு முறைகாரரிடம் போய், போன ஆண்டு மூன்றாவது வீதியில் தோளை இறக்கிவிட்டதுதான் குத்தம், இந்த ஆண்டு நாலு வீதியும் இறக்காமல் தூக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்திருக்கிறான். தாரணிதான் எனக்குச் சொன்னாள். அவள் தன் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். அவளுக்கு இருப்பது அப்பனைவிடப் பெரிய தோள்.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டேன். எடுத்தான். நான் நல்லபடியாகப் பேசவில்லை. முட்டாள் என்றேன். செத்துத் தொலை, ஆனால் உன் பெண் கண் எதிரில் சாகாதே என்றேன்.

"நீ சொல்றது நெசமா இருந்தா," என்றான் பிறகு, "அப்பா அன்னிக்கி எந்திரிக்க முடியாமதான கெடந்தாரு?"

"ஆமா. அதத்தான் ரெண்டு வருசமா சொல்லிக்கினு இருக்கறேன்."

"அன்னிக்கி காலையில தறியில பாவு நூல ஏத்த ஆளு வந்துட்டான். இவரு படுத்துக்கினே இருக்காரு. அக்குள்ல கை குடுத்துத் தூக்கி நிறுத்தினேன். விட்டதும் விழுந்தாரு. எனக்கு ஆத்திரம். தொடையில ரெண்டு ஒதை ஒதைச்சேன். 'காலு இல்லடா கச்சி'ன்னாரு. இன்னோன்னு ஒதைச்சேன். அப்புறந்தான் கிளினிக்குக்குத் தூக்கினு போனோம்."

எனக்குத் தெரியாது. அம்மா சாகும்வரை அதை என்னிடம் சொல்லவில்லை.

"சாமி குத்தம்னா நான் தூக்கித் தீத்துக்கலாம்" என்றான். "நீ சொல்றத எங்க போய்த் தீக்கறது?"

அவனை வெறுக்க அதுவரை எனக்கு ஆயிரம் காரணம் இருந்தது. அந்த நிமிடம் ஒன்றும் கைக்கு வரவில்லை. அகிலனிடம் நடிக்காதே என்று சொன்னதையும், இரண்டு டம்ளர் கொடுத்ததையும், தண்ணீர் என்று பொய் சொன்னதையும் அவனிடம் சொன்னேன். வேறு யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் போனை வைத்துவிட்டான்.

நேற்று மதியம் அவனே கூப்பிட்டான்.

"முறைகாரருகிட்ட சொல்லிட்டேன். இந்த வருசம் தோளு குடுக்கலன்னு."

"இன்னா காரணம் சொன்ன?"

"எங்கப்பாவுக்கு இருந்த வியாதி எனக்கும் இருக்குதுன்னேன்."

"அதுக்கு அவரு?"

"சிரிச்சாரு. ஒங்கப்பனுக்கு ஏதுடா வியாதி, அவன் நடிப்புக்காரனாச்சேன்னாரு."

நீ சும்மாவா கேட்டுக்கொண்டு நின்றாய் என்று கத்தினேன்.

"இன்னா சொல்லச் சொல்ற குமுதா," என்றான். "தெருவுல அந்தப் பேர மொதமொதல்ல சொன்னவனே நான்தான்."